ஆகாதவர் என்று யாரைச் சொல்கிறோம்?



ஓசூர்ப் பக்கத்து நிழல்தாங்கல் ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்து அன்னதர்மம் நடந்துகொண்டிருந்தது. எட்டு வயதுப் பையன் ஒருவன் சோற்றுத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்தை நோக்கி நடந்தான். பாதி வழியில் அவனுடைய ஆச்சி கையைப் பிடித்து நிறுத்தினார். "அவியளுக்கும் நமக்கும் ஆவாது மக்கா. நீ அங்க கொண்டு போவாத" என்றார்.

பையன் ஓசூரில் பிறந்தவன். ஆச்சியின் தெற்கத்திப் பேச்சு அவனுக்குப் பாதிதான் புரியும். சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஏடு சொல்லிக்கொடுக்கும் பெரியவரிடம் வந்து கேட்டான்: "தாத்தா, அவங்களுக்குச் சோறு உடம்புக்கு ஆகாதா?"

கேட்டவர்கள் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. பிள்ளைக்குத் தெரிந்த 'ஆகாது' அது ஒன்றுதான். கத்திரிக்காய் உடம்புக்கு ஆகாது, ஐஸ் தொண்டைக்கு ஆகாது. மனுஷனுக்கு மனுஷன் ஆகாது என்பதை அவன் அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்கிறான். நாமோ அந்தச் சொல்லைத் தினமும் பத்து முறை சொல்கிறோம். ஆகவே இந்த மாதப் பாடமாக அந்த ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

1. சொல்லைப் பிரித்துப் பார்ப்போம்

'ஆகாது' என்ற சொல்லின் பகுதி 'ஆகு'. ஒன்று வேறொன்றாக மாறி நிறைவதைத்தான் ஆகுதல் என்கிறோம். அரிசி சோறாகிறது, பிஞ்சு காயாகிறது, அயலார் சம்பந்தியாகிறார். இந்த 'ஆகு'வோடு, இல்லை என்று சொல்லும் 'ஆ' என்ற எதிர்மறை இடைநிலை சேர்ந்தால் 'ஆகாது', 'ஆகாத', 'ஆகாதவர்' என்ற சொற்கள் பிறக்கின்றன.

பேச்சில் இந்தச் சொல் நாலு வேலை செய்கிறது.

முதலாவது, முடியாது என்பது: "இந்த வேலை என்னால் ஆகாது."

இரண்டாவது, ஒத்துக்கொள்ளாது என்பது: "குளிர்ந்த தண்ணீர் எனக்கு ஆகாது."

மூன்றாவது, கூடாது என்ற தடை: "விளக்கு வைத்த நேரத்தில் தூங்கல் ஆகாது."

நாலாவது, மனுஷருக்குள் உள்ள பிணக்கு: "அவருக்கும் எனக்கும் ஆகாது." இதிலிருந்துதான் 'ஆகாதவர்' என்ற பெயர் வருகிறது.

இந்த நாலும் வேறு வேறு போலத் தெரிந்தாலும் ஒன்று இன்னொன்றுக்குள் ஒழுகி வந்துவிடும். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத பண்டத்தைத் தள்ளிவைப்பது போல மனுஷனையும் தள்ளிவைக்கிறோம். கூடாத செயல் என்று சொல்லத் தொடங்கி, கூடாத ஆள் என்று முடிக்கிறோம். நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இதுதான்.

2. பக்கத்துச் சொற்களோடு வைத்துப் பார்ப்போம்

வெறுப்பைச் சொல்லத் தமிழில் பல சொற்கள் உண்டு. "நான் அவனை வெறுக்கிறேன்" என்றால் அங்கே 'நான்' இருக்கிறேன். செய்கிறவன் நான்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். "அவன் எனக்குப் பகைவன்" என்றால் அவன் ஏதோ செய்திருக்கிறான், நானும் ஏதோ செய்திருக்கிறேன் என்று தெரிகிறது. "எனக்கு வேண்டாதவன்" என்றால் வேண்டாம் என்று வைத்தது என் மனசு. வேண்டாத பெண்டாட்டி கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம் என்பார்கள். குற்றம் கையிலும் இல்லை, காலிலும் இல்லை, வேண்டாம் என்று முடிவு செய்துவிட்ட மனசில் இருக்கிறது என்பதைப் பழமொழியே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஆனால் "அவருக்கும் எனக்கும் ஆகாது" என்று சொல்லிப் பாருங்கள். இந்த வாக்கியத்தில் செய்கிறவர் யார்? ஒருவரும் இல்லை. 'அவருக்கும்', 'எனக்கும்' என்று இரண்டு பேர் நிற்கிறார்கள். 'ஆகாது' என்பது மழை பெய்யாதது போல, நெருப்புக்கும் பஞ்சுக்கும் ஆகாதது போல, தானாக அமைந்த ஒன்றாகத் தெரிகிறது. பேச்சை நிறுத்தியது யார், வாசலைத் தாண்டிப் போகாமல் முகத்தைத் திருப்பியது யார் என்ற கேள்வியே எழாது. நமது வெறுப்பை நம் கண்ணுக்கே தெரியாமல் மறைத்துவைக்க இதைவிட வசதியான சொல் கிடையாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. 'ஆன', 'ஆகின்ற', 'ஆகும்' என்ற சொற்கள் காலம் காட்டுகின்றன. 'ஆகாத' என்ற எதிர்மறைப் பெயரெச்சம் காலம் காட்டாது. நேற்றைக்கும் இன்றைக்கும் நாளைக்கும் பொதுவாக நிற்கும். பத்து வருடத்துக்கு முன் ஒரு நாள் நடந்த சண்டைக்கு, 'ஆகாதவர்' என்ற பெயரை ஒட்டிவிட்டால் அது காலமே இல்லாமல் ஒட்டிக்கொள்கிறது. சண்டை முடிந்திருக்கும், காரணம் மறந்திருக்கும், பெயர் மட்டும் பேரப்பிள்ளை வரைக்கும் வந்து சேரும். அந்த ஆச்சியின் கை பேரன் தட்டைப் பிடித்து நிறுத்தியது அப்படித்தான்.

3. மூன்று மொழிக்கும் ஒரே வேர்

நாம் வாழும் ஓசூர் மூன்று மொழி பேசும் ஊர். ஊரின் பெயரே கன்னடத்தில் 'ஹொச ஊரு', அதாவது புதிய ஊர் என்ற பொருளுடையது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு தெற்கேயிருந்தும் மேற்கேயிருந்தும் ஆட்கள் வந்து குடியேறி, ஊர் மறுபடியும் புதிய ஊரானது. தொழிற்சாலையில் ஒரே லைனில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்கின்றன.

நமக்குள் 'ஆகாதவர்' என்று சொல்வதைக் கன்னடக்காரர் 'ஆகதவரு' என்கிறார். ஒரே வேர், ஒரே பொருள். தெலுங்கில் சொந்தக்காரர்களை 'அயினவாள்ளு' என்கிறார்கள். 'ஆனவர்கள்' என்று அர்த்தம். அயலாரை, வேண்டாதவரை 'கானிவாள்ளு' என்கிறார்கள். 'ஆகாதவர்கள்' என்று அர்த்தம். அங்கேயும் அதே 'ஆகு' என்ற வேர்தான்.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? உறவு என்பது 'ஆவது' என்று இந்த மூன்று மொழியும் கண்டு வைத்திருக்கின்றன. பிறப்பிலேயே முடிந்துபோன சங்கதி என்றால், 'ஆனவர்' என்று ஏன் சொல்ல வேண்டும்? ஆவதற்கு நாள் வேண்டும், பழக்கம் வேண்டும், ஒரு பானைச் சோறு வேண்டும். அயலாராக இருந்தவர்தான் ஆகிறார். அப்படியானால் ஆகாதவர் என்பவர் யார்? இன்னும் ஆகாமல் இருப்பவர்.

4. ஒரே நாளில் ஆகாதவரானவர்கள்

எல்லைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சொல்லின் கனம் நன்றாகத் தெரியும். 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிக் கலவரம் மூண்டபோது, பெங்களூரிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் வந்தன. 2016 செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிக்கப்பட்டன. எல்லை தாண்டும் பேருந்துகள் நின்றன. அத்திப்பள்ளிக்கும் சூசூவாடிக்கும் இடையில் மூட்டை முடிச்சோடு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜனங்கள் நடந்தே எல்லையைக் கடந்தார்கள்.

அன்று காலையில் ஒன்றாகத் தேநீர் குடித்தவர்கள் சாயங்காலத்துக்குள் ஒருவருக்கொருவர் ஆகாதவர் ஆகிவிட்டார்கள். அவர்களுக்குள் என்ன சண்டை? ஒன்றும் இல்லை. வண்டியின் நம்பர் தகடு ஆகாமல் போனது; அதனால் வண்டிக்குள் இருந்தவர் ஆகாமல் போனார். ஆளைப் பார்க்காமல் அடையாளத்தைப் பார்த்து 'ஆகாது' என்பது எவ்வளவு பெரிய தீ என்பதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

அதைப் பார்த்த நாமே, இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்திருக்கும் பையன்களைப் பற்றி "அவனுங்களுக்கும் நமக்கும் ஆகாது, வீடு கொடுக்காதே" என்று சொல்கிறோமா இல்லையா? நெஞ்சில் கை வைத்து ஒவ்வொருவரும் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். நம் தகப்பன்மார் கன்னியாகுமரியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ஒரு பையோடு இங்கே வந்து இறங்கிய நாளில் நமக்கும் ஒருவர் வீடு கொடுத்தார்.

5. ஒரு ஜனத்துக்கே வைத்த 'ஆகாது'

இனி நம் வழியின் தொடக்கத்துக்குப் போவோம். அய்யா வைகுண்டர் 1809இல் பிறந்த காலத்துத் திருவிதாங்கூர் எப்படி இருந்தது? நம் முன்னோருக்குக் குடை பிடித்தல் ஆகாது. செருப்பு ஆகாது. பொன் நகை ஆகாது. மாடி வீடு ஆகாது. பெண்கள் இடுப்பில் தண்ணீர்க் குடம் வைத்தல் ஆகாது. மார்பை மறைக்கும் தோள்சீலை ஆகாது. ஆண்கள் தலையில் துண்டு கட்டுதல் ஆகாது. பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுத்தல் ஆகாது.

பாருங்கள், முதலில் 'ஆகாது' என்பது குடையின் மேல், செருப்பின் மேல், சீலையின் மேல் வைத்த தடையாகத்தான் தெரிகிறது. இத்தனை 'ஆகாது'களையும் ஒரே ஜனத்தின் தலையில் அடுக்கிய பிறகு, அந்த ஜனமே ஆகாத ஜனமாயிற்று. தொடக் கூடாது, நெருங்கக் கூடாது என்ற நிலைக்கு வந்தது. தடை என்ற மூன்றாவது அர்த்தம், வெறுப்பு என்ற நாலாவது அர்த்தமாக மாறியதைச் சரித்திரத்திலேயே பார்க்கிறோம்.

தோள்சீலைக்காகப் பெண்கள் பல வருடம் போராடினார்கள். 1859 ஜூலை 26 அன்று அரசரின் அறிக்கை வந்தது. மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் உயர்ந்த சாதி என்று சொல்லிக்கொண்டவர்களின் பெண்கள் உடுத்துவதைப் போலவே உடுத்தக் கூடாது என்றும் சொன்னது. ஒரு 'ஆகாது'வை எடுக்கும்போதும் இன்னொன்றை மிச்சம் வைத்தார்கள். அறிக்கை எழுதியவர்களின் மனசிலிருந்து அந்தச் சொல் அத்தனை லேசில் போகவில்லை.

6. அய்யா அந்தச் சொல்லை என்ன செய்தார்?

அந்த அறிக்கைக்குப் பல வருடம் முன்னாலேயே, 1833 மாசியில் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வெளிவந்த அய்யா, ஒவ்வொரு 'ஆகாது'வையும் ஒவ்வொன்றாக எடுத்து, அதற்கு மாறாக ஒரு நடைமுறையை வைத்தார்.

தலையில் துண்டு ஆகாது என்றார்கள். தலைப்பாகை கட்டித்தான் பதிக்குள் வர வேண்டும் என்று அய்யா வைத்தார். இன்றைக்கும் ஆண்மக்கள் தலைப்பாகையோடுதான் பள்ளியறை முன் நிற்கிறோம்.

பொதுக் கிணறு ஆகாது என்றார்கள். எல்லாச் சாதியாரும் ஒன்றாக நின்று இறைக்க முத்திரிக்கிணற்றை அய்யா வைத்தார்.

தொடுதல் ஆகாது என்றார்கள். தூர நின்று கையில் எறிவது அந்தக் காலத்துக் கோயில் வழக்கம். அய்யா வழியில் பணிவிடைக்காரர் நம் நெற்றியைத் தொட்டு நாமம் சாற்றுகிறார். தொட்டுநாமம் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது! தொட ஆகாதவன் என்று ஒருவனும் இல்லை என்பதை விரல் நுனியால் சொல்லும் பாடம் அது.

பெயரையும் அய்யா மாற்றினார். உலகம் இழிந்த பெயர் வைத்து அழைத்த ஜனத்தை, 1841இல் அரிகோபாலன் சீடர் வழியாக வந்த அகிலத்திரட்டு 'சான்றோர்' என்று அழைக்கிறது. ஆகாதவர் என்ற பெயரோடு படுத்தவர்கள் சான்றோர் என்ற பெயரோடு எழுந்தார்கள்.

சிங்காரத்தோப்புச் சிறையில் அய்யா இருந்த காலத்தைப் பற்றி நம் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்வது ஒன்று உண்டு. 'உன் சாதியாரோடு மட்டும் இருந்துகொள், மற்றவர்களைச் சேர்க்காதே, விட்டுவிடுகிறோம்' என்று அரசன் பக்கத்திலிருந்து கேட்டார்களாம். சரி என்றால் அன்றைக்கே வெளியே வரலாம். அய்யா அதற்கு இசையவில்லை, சிறையிலேயே இருந்தார். 1839இல்தான் விடுதலை ஆனார். இந்த இடத்தை நாம் நின்று யோசிக்க வேண்டும். தம்மை வெறுத்தவர்களைத் திருப்பி வெறுக்கவில்லை என்பது ஒரு பங்கு. தம்மோடு சேர வந்த ஒருவரையும் 'ஆகாதவர்' என்று சொல்லி, அந்த ஒரு சொல்லைக் கொடுத்து விடுதலையை வாங்கவும் அவர் சம்மதிக்கவில்லை என்பது இன்னொரு பங்கு. அந்தச் சொல்லின் விலை அய்யாவுக்குச் சிறை. நாமோ அதை விலையில்லாமல் வாரி இறைக்கிறோம்.

7. அப்படியானால் 'ஆகாது' என்றே சொல்லக் கூடாதா?

சொல்லலாம், சொல்லவும் வேண்டும். உயிர்ப்பலி ஆகாது என்று அய்யா விலக்கினார். காணிக்கை ஆகாது என்றார். செயலைப் பார்த்து 'ஆகாது' என்று சொல்வது தர்மம். பொய் ஆகாது, வட்டிக்கு வட்டி ஆகாது, குடித்துவிட்டு வீட்டில் கை ஓங்குதல் ஆகாது. இதையெல்லாம் சொல்லாமல் இருப்பது பொறுமை ஆகாது, அது கோழைத்தனம்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுவோம். அடிக்கிற புருஷனோடு, ஏமாற்றுகிற கூட்டாளியோடு போய் ஒட்டிக்கொள் என்று இந்தப் பாடம் சொல்லவில்லை. அடிபட்டவர் விலகி நிற்பதும், நியாயம் கேட்பதும், போலீசில் எழுதிக் கொடுப்பதும் வெறுப்பு ஆகாது. தலைப்பாகை கட்டிய நம் முன்னோர் தலையைக் குனிந்துகொண்டு போகவில்லை. பொறுமை என்பது அடங்கிப்போவது என்று அய்யா சொல்லித்தரவில்லை.

கவனிக்க வேண்டியது இவ்வளவுதான்: 'ஆகாது' என்ற சொல் செயலோடு நிற்க வேண்டும். 'ஆகாதவர்' என்று ஆளின் மேல் ஏறினால் அதை இறக்கிவைக்க வேண்டும். கலி வெளியே மட்டும் நிற்பதில்லை. நம் நாக்கின் மேலும் வந்து உட்காரும்.

பள்ளியறையில் நமக்கு முன்னால் இருப்பது கண்ணாடி. 'ஆகாதவன்' என்று ஒருவனை மனசில் வைத்துக்கொண்டு அதன் முன் நின்றால், அங்கே தெரிவது நம் முகம்தான்.

8. ஆச்சியும் பேரனும்

முதலில் சொன்ன நிகழ்ச்சிக்குத் திரும்புவோம். இரண்டு குடும்பமும் தெற்கே ஒரே ஊர்க்காரர்கள். ஒரு சீட்டுப் பணத்தில் வந்த தகராறு. ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது என்று ஒரு வீட்டார் காலையிலும் இன்னொரு வீட்டார் உச்சிக்கும் வந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கு நேரம் தப்பிப்போய் இருவரும் ஒன்றாக வந்துவிட்டார்கள்.

பெரியவர் ஆச்சியைக் கண்டிக்கவில்லை. பணம் போனவர்களின் வலி அவருக்குத் தெரியும். பையனுடைய கேள்வியை மட்டும் அப்படியே ஆச்சியிடம் சொன்னார். "பேரன் கேட்கிறான், அவியளுக்குச் சோறு உடம்புக்கு ஆவாதான்னு." ஆச்சி பதில் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு. ஆச்சியே தட்டில் சோற்றை வைத்துப் பேரன் கையில் கொடுத்தார். "கொண்டு குடு மக்கா. கணக்கு இன்னும் முடியல்ல. அதை நாங்க பேசிக்கிடுதோம். சோறு சோறுதான்" என்றார்.

அந்தக் குடும்பங்கள் இன்னும் பழைய மாதிரி ஒட்டவில்லை. ஆனால் ஒரே நேரத்தில் வருகிறார்கள். 'ஆகாது' என்று இருந்தது 'இன்னும் ஆகவில்லை' என்று மாறியிருக்கிறது. சோறு பாதி வெந்திருக்கும்போது சோறு ஆகாது என்று யாரும் அடுப்பை அணைப்பதில்லை. இன்னும் ஆகவில்லை என்று மூடிவைத்துக் காத்திருப்போம். மனுஷர் விஷயத்திலும் அந்தப் பொறுமை போதும்.

வீட்டில் செய்து பார்க்க

இந்த வாரம் "அவருக்கும் எனக்கும் ஆகாது" என்று வாயில் வரும்போதெல்லாம், "நான் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்" என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். 'நான்' உள்ளே வந்தவுடன் என்ன தெரிகிறது என்று கவனியுங்கள்.

உங்கள் வீட்டில் 'ஆகாதவர்' என்று பெயர் வைத்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தச் செயல் ஆகாதது, எந்த நாளில் நடந்தது என்று சொல்ல முடிகிறதா? சொல்ல முடிந்தால் அதைப் பற்றி மட்டும் பேசுங்கள். சொல்ல முடியாவிட்டால் அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள்.

பிள்ளைகளின் காதில் 'ஆகாதவங்க' என்ற சொல் விழாமல் ஒரு மாதம் இருந்து பாருங்கள். நம் பகை நம்மோடு முடியட்டும்.

அடுத்த ஞாயிறு அன்னதர்மத்தில், எப்போதும் உட்காரும் இடத்தை விட்டு, இதுவரை பேசாத ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் எந்த மொழி பேசினாலும் சரி.

எல்லோரும் ஒன்றாக ஆகும் காலத்துக்கு அய்யா துணை நிற்பாராக.

அய்யா உண்டு!